போர்டிகோவில் மஞ்சள் பல்ப்

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்ய ஆரம்பித்தால் போதும், முடிச்சூரில் எங்கள் வீட்டு முன்சுவருக்குக் கூட்டம் வந்துவிடும். வாசலில் டியூப்லைட்டைப் போட்ட கொஞ்ச நேரத்தில் எதிர்க் காலிமனைப் புதரிலிருந்து அந்துப்பூச்சிகள் கிளம்பி வரும். சாம்பல், பழுப்பு, தவிட்டு நிறம். சில, காய்ந்த இலையை ஒட்டிவைத்த மாதிரியே இருக்கும். எனக்கு அது கொண்டாட்டம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள் நான். லேப்டாப்பை மூடியதும் சுவரில் மூக்கு படுகிற தூரத்தில் போய் நின்று, எந்தச் சிறகில் என்ன கோலம் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அம்மாவுக்குத்தான் தலைவலி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்த வாசல் போர்டிகோவில்தான் மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பகல் முழுக்க நான் யாருடனோ மீட்டிங்கில் பேசிக்கொண்டிருப்பேன். அம்மா சத்தமில்லாமல் நடமாடுவாள். பிள்ளைகள் வந்து கேட்டை ஆட்டும்போதுதான் அவளுடைய நாளே விடியும்.

அந்த மழையில் டியூஷன் பையன் ஒருவனுக்குக் கழுத்து தடித்துப்போனது. அடுத்த தெருவிலிருந்து அவன் அம்மா வந்து நின்றாள்.

“சட்டைக்குள்ள பூச்சி பூந்துடுச்சாம் மிஸ். சொறிஞ்சுகினே கீறான். ஏதாச்சும் பண்ணுங்க மிஸ். இல்லன்னா வேற எடத்துலதான் சேக்கணும்.”

அம்மா “பார்க்கறேம்மா” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் விளக்கு வைத்தபின் துடைப்பத்தைத் தொடக் கூடாது. பூச்சிகளோ விளக்கு வைத்தபின்தான் வரும். துடைப்பமும் கூடாது, மருந்து அடித்தால் பிள்ளைகள் இருமும். எனவே நான் ஒரு கண்ணாடி டம்ளரும் பழைய கல்யாணப் பத்திரிகையுமாக இறங்கினேன். பூச்சிமேல் டம்ளரைக் கவிழ்த்து, பத்திரிகையை அடியில் செருகி, காலிமனைக்குக் கொண்டுபோய் விட்டு வருவேன். திரும்பி வருவதற்குள் அது எனக்கு முன்னால் சுவரில் உட்கார்ந்திருக்கும்.

“ஏண்டி, பூச்சிக்கு ஆட்டோ ஓட்டறியா?” என்றாள் அம்மா. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. வெள்ளை வெளிச்சத்தில் உள்ள நீலம்தான் அவற்றை அதிகம் இழுக்கிறது. மஞ்சள் அந்த அளவுக்கு இழுக்காது. டியூப்லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் பல்ப் போடலாம் என்றேன்.

“வேணாம்.”

“ஏம்மா?”

“வாசல் மங்கலா இருந்தா லட்சுமி வரமாட்டா.”

“மஞ்சளும் வெளிச்சம்தானேம்மா?”

“சொன்னா கேளு.”

துடைப்பத்தைப் போல இதுவும் ஒரு சாஸ்திரம் என்றே எடுத்துக்கொண்டேன். காரணம் கேட்டால் கரும்பலகையில் படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறவள், இதற்கு மட்டும் லட்சுமியைக் கூப்பிடுகிறாளே என்று எரிச்சல். அந்தப் பையன் வருவது நின்றது. மறுநாளே மேற்குத் தாம்பரத்தில் ஒரு எலெக்ட்ரிகல் கடையில் பல்ப் வாங்கி வந்து, அம்மா அடுக்களையில் இருந்த நேரம் பார்த்து மாட்டிவிட்டேன்.

அன்று சுவரில் விரல் விட்டு எண்ணும்படிதான் பூச்சிகள். பாராட்டு வரும் என்று கதவோரம் நின்றேன். அம்மா அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். பாயில் உட்கார்ந்து ஒரு பையனின் நோட்டை வாங்கினாள்.

“இங்க ஒண்ணுன்னு ஏண்டா போட்டே?”

“மிஸ், அது ஏழு மிஸ்.”

“ஏழை ஏழு மாதிரி எழுது.”

பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்தாள். “ஏழு மாதிரிதான் மிஸ் இருக்கு.”

அம்மா நோட்டை வெளிச்சத்தின் பக்கம் தூக்கினாள். சாய்த்தாள். தள்ளிப் பிடித்தாள். பிறகு மூக்கு படுகிற தூரத்துக்குக் கொண்டுவந்தாள். நான் பூச்சியைப் பார்க்கிற தூரம்.

பிள்ளைகள் போனபின் கேட்டேன். “எப்பலேர்ந்தும்மா?”

“ஆடிலேர்ந்து.” பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். “டியூப்லைட் இருந்தா சமாளிச்சுடுவேன்.”

“ஏன் சொல்லல?”

“கண்ணு தெரியாத மிஸ்கிட்ட யாருடி புள்ளைய அனுப்புவா?”

எந்த நிறம் பூச்சியின் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும், எது தெரியாது என்றெல்லாம் நான் படித்துத் தள்ளியிருந்த சமயம் அது. லட்சுமியை நினைத்துக்கொண்டேன். பயத்தைச் சொல்ல முடியாதபோது மறைத்துவைக்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு சாஸ்திரம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கண்புரை என்றார் டாக்டர். பொங்கல் கழித்து ஆபரேஷன். அதுவரை பழைய டியூப்லைட்டையே மாட்டிவிடட்டுமா என்று கேட்டேன். அம்மா இரண்டையும் எடைபோட்டாள். வெள்ளை விளக்கு எரிந்தால் பூச்சிக்குப் பயந்து பிள்ளைகள் வருவது நிற்கும். மஞ்சள் எரிந்தால் அவள் கண்ணின் கதை வெளியே வரும்.

“மஞ்சளே இருக்கட்டும்” என்றாள்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அந்தப் பையனின் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குக் கண்ணுல புரைம்மா. ஆபரேஷன் ஆகிறவரைக்கும் புள்ளைங்க வாய்விட்டுப் படிக்கணும், நான் காதால கேட்டுத் திருத்துவேன். இஷ்டம் இருந்தா அனுப்பு.”

“அட, எங்க மாமியாருக்குக்கூட பண்ணாங்க மிஸ். இப்போ ஊசியில நூல் கோக்குது.” துணியை ஓரம் வைத்துவிட்டுக் கேட்டாள். “அது கெடக்கட்டும். பூச்சி போயிடுச்சா இல்லையா?”

“போயிடுச்சு.”

“அப்புறம் இன்னா மிஸ், நாளைக்கே அனுப்பறேன்.”

இப்போது மாலையில் எங்கள் தெருவுக்கே கணக்கு கேட்கிறது. அடைப்புக்குறி, வர்க்கமூலம், மைனஸ் எல்லாம் உரத்த குரலில். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். “மைனஸை முழுங்காதே, திரும்பப் படி” என்கிறாள். மஞ்சளுக்கும் மசியாத ஒன்றிரண்டு பூச்சிகள் அவள் தலைக்கு மேல் சுவரில் உட்கார்ந்திருக்கும். டம்ளரோடு நான் வருகிற செருப்புச் சத்தம் கேட்டால், கண்ணைத் திறக்காமலே சொல்லுவாள்:

“ஆட்டோ வருது, வழி விடுங்கடா.”