கடதாசிக் கோப்பை

கெல்சென்கிர்ச்சனில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு விரிப்பு மடித்தவள் டிரினிடாட் தீவுக்காரி. முகம் எங்கள் முகம். முதல் நாள் என்னையறியாமல், "நீங்கள் ஊரிலை எவடம்?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

அரைகுறை ஜெர்மனில்தான் பேசிக்கொள்வோம். அடிமைகளை விடுவித்த பிறகு கரும்பு வெட்ட ஆளில்லாமல், வெள்ளைக்காரர் மதராஸிலிருந்து கப்பலில் ஏற்றிய கூலிகளில் அவளுடைய அப்பாவின் பாட்டனும் ஒருவர். அவர் திரும்பவே இல்லை. பேரப்பிள்ளைகளோடு தமிழும் போய்விட்டது. "கப்பலில் எல்லோரும் ஒரே பீப்பாயில் தண்ணீர் குடித்தார்கள்" என்று பெருமையாகச் சொல்வாள். அவரைக் கப்பலேற்றியபோது வெள்ளைக்காரர் எழுதிய பத்திரத்தின் நகல் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள். அதிலிருந்த இங்கிலிஷ் அவளுக்குத் தெரியும்; நடுவில் வரும் எங்கள் பக்கத்துச் சொற்கள்தான் விளங்கவில்லை. ஜெர்மன் கணவன் விட்டுப்போன பிறகு அவளுக்கு இங்கே ஒருவரும் இல்லை. தன் சனம் யார் என்று அறிய வேண்டும், அவர்களோடு இருக்க வேண்டும் என்பதே அவளுடைய ஆசை.

நான் எட்டாம் வகுப்பு. இங்கிலிஷ் கையெழுத்து வாசிக்க வராது. ஊரில் அரசாங்கக் கந்தோரில் இங்கிலிஷ் எழுத்துவேலை செய்த அக்கா ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போனேன்.

"அச்சொட்டாய் எங்கடை பிள்ளை மாதிரியெல்லோ! சாப்பிட்டுத்தான் போகவேணும்" என்று அக்கா தட்டுகளை எடுத்து வைத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்தை வாசித்தார். பெயர், வயது, காலில் தழும்பு. அடுத்த கட்டத்தில் விரல் நின்றது.

"இதிலை சாதியும் எழுதிக் கிடக்கு" என்று என்னிடம் தமிழில் சொன்னார். எந்தச் சாதி என்றும் சொன்னார். எங்கள் ஊரில் கிணற்றுக்கட்டில் ஏற விடாத சனம்.

"விசாரிக்காமல் ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீர்?"

அவள் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். வரும்போது எனக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர். அவளுக்கு, பிள்ளைகளின் பிறந்தநாளில் மிஞ்சிய கடதாசிக் கோப்பையில். நான் என்னுடையதைக் குடித்து முடித்தேன்.

திங்கட்கிழமை வேலையில் கேட்டாள்: "அந்தக் கட்டத்தில் இருந்த சொல்லுக்கு என்ன பொருள்?"

"அக்காவுக்கும் தெரியவில்லை."

"திரும்ப எப்போது போகலாம்?"

"அவருக்கு டாக்டர், கந்தோர் என்று நிறைய டெர்மின் இருக்கிறது, நேரமில்லை."

அவள் நம்பினாள். விரிப்பின் இரண்டு முனைகளை என் கையில் தந்தபடி, தேநீர் நன்றாக இருந்தது என்று அக்காவிடம் சொல்லச் சொன்னாள்.