கரிநிழலும் மாப்பிள்ளையும்

என் தங்கை வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்ப்பவர் என்பதால் ஊருக்கெல்லாம் அவர் ‘ஐஸ்’. எனக்கு மட்டும் மாப்பிள்ளை. இருவருக்கும் ஒரே கடை. முன்பக்கத்தில் நான் மிக்சியும் மின்விசிறியும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். பின்பக்கத்தில் கதவு கழன்ற ஃபிரிட்ஜ்களுக்கு நடுவே அவர் இருப்பார். ஐஸ் என்று பெயர் வைத்தவன் தொழிலை மட்டும்தான் பார்த்திருக்கிறான். பொறாமை வந்துவிட்டால் அவரைப் போல் கொதிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை.

என் தங்கை ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். கால் உடைந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மறுபடி நடக்கப் பழக்குவது அவள் வேலை. “உன் கை பட்டாத்தாம்மா என் காலு எந்திரிக்குது” என்று ஒரு நோயாளி சொன்னாராம். அதை அவள் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொல்லப்போக, இவர் முகம் தொங்கிப்போனது. அந்த மனிதருக்குப் பல்செட்டும் கொள்ளுப்பேரனும் இருப்பது தெரிந்த பிறகுதான் சோறு இறங்கியது.

இப்படிப்பட்டவர் கையில் அந்த டிஸ்க் சிக்கியிருக்க வேண்டாம்.

அவர்கள் வீடு மாறிய சமயம். நானும் உதவிக்குப் போயிருந்தேன். புது வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பழைய போர்வைக்கு அடியிலிருந்து தங்கையின் கேம் பெட்டி வெளிவந்தது. படிக்கிற காலத்தில் வாங்கியது. கூடவே இரண்டு கன்ட்ரோலர்களும், உறை கிழிந்த ஒரு டிஸ்க்கும் இருந்தன. உறையில் கரிபூசிய முகமூடியும் தோளில் தொங்கும் போர்வையுமாக ஒருவன் மழையில் நின்றிருந்தான். விளையாட்டின் பெயர் ‘கரிநிழல்’.

“ஐயோ, இது இன்னும் இருக்கா” என்றாள் தங்கை. அடுப்பைக்கூட இன்னும் இணைக்கவில்லை. அவள் டிவியை இணைத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பர்ஹீரோக்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளும் சண்டை விளையாட்டு அது. அவர்களில் ஒருவனும் யோக்கியன் இல்லை. கரிநிழல் முன்பு தீயணைப்பு வீரன். தன் கூட்டாளிகளை எரிகிற கட்டடத்தில் விட்டுவிட்டு ஓடிவந்தவன். அவனோடு மோத வருகிறவர்கள் எல்லாம் அப்படித் தப்பி வந்து, சக்தி பெற்று, வஞ்சம் சுமக்கிறவர்கள். திரை முழுக்க இருட்டு, மழை, புகை. யார் யாரை அடிக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. தங்கைக்குத் தெரிந்தது. வேலை முடிந்து வந்தால் பேசக்கூடத் தெம்பில்லாதவள், அன்று ஒவ்வொரு அடிக்கும் தோளைக் குலுக்கிச் சிரித்தாள்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ரசித்தார். பிறகு இரண்டாவது கன்ட்ரோலரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பொத்தான்கள் தேய்ந்து வழவழத்திருந்தன.

“இது யாருது?”

“ஒட்டடைக்குச்சியோடது. காலேஜ்ல என்கூட ஆடுவான்ல, அவன்.”

அவள் ஒளிக்கவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லை. உயரமும் ஒல்லியுமாக இருந்த அந்தப் பையனுக்கு இவளைக் கொடுக்கலாமா என்று இரண்டு வீட்டிலும் ஒரு காலத்தில் பேச்சு எழுந்ததும், அது அப்படியே அடங்கிப்போனதும் மாப்பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும். ஆனால் தெரிவது வேறு, தேய்ந்த பொத்தானைத் தடவிப் பார்ப்பது வேறு. அவர் கன்ட்ரோலரை, சூடான பாத்திரத்தை வைப்பதுபோல், மெல்லக் கீழே வைத்தார்.

மறுநாள் கடையில் ஸ்க்ரூடிரைவரைத் தொடவில்லை. ஃபோனை நோண்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

“மச்சான், கேளுங்க. அந்த கேமப் பத்தி ஒருத்தன், ‘கண்ணைக் கட்டிக்கிட்டு ஆடற மாதிரி இருக்கு.’ இன்னொருத்தன் எழுதியிருக்கான், ‘மழைக் கட்டத்துல தடுக்கற பட்டன் பாதி நேரம் வேலை செய்யாது.’ இன்னொருத்தன், ‘ஹீரோவோட போர்வை சுவத்துல ஒட்டிக்குது.’ ஒருத்தன்கூட நல்லா இருக்குன்னு சொல்லல.”

பரீட்சையில் பக்கத்து வீட்டுப் பையன் தோற்றதைச் சொல்வதுபோல் சொன்னார். அத்தனையையும் சேர்த்து வைத்து, சாயங்காலம் தங்கையிடம் ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறார். அவள் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டாளாம்.

“எல்லாம் உண்மைதாங்க. கேமரா தூணுக்குப் பின்னாடி போய் நின்னுக்கும், நாம தூணத்தான் பாக்கணும். மட்டமான கேம்தான்.”

“அப்புறம் எதுக்கு அத வச்சிக்கிட்டு…”

“பிடிச்சிருக்கு.”

மட்டம் என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று பிடித்திருக்கிறது என்றால், காரணம் விளையாட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை முடிவு கட்டினார். அதற்கேற்ற மாதிரி அந்த வீடியோவும் அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

கரிநிழலைப் பற்றி யாரோ நிதானமாகப் பேசிய வீடியோ. திரையில் ஆட்டம் ஓடும்; ஆடுகிறவன் முகம் தெரியாது, குரல் மட்டும். முதலில் குறைகளை எல்லாம் ஒப்புக்கொண்டு, பிறகு இப்படிச் சொன்னது அந்தக் குரல்: “எல்லாரும் சேர்ந்து இதைத் திட்டிட்டோம். ஆனா இத்தனை வருஷம் கழிச்சும் என்னால மறக்க முடியல. வேற எந்த சண்டை கேம்லயும் அடி வலிக்காது. இதுல வலிக்கும். ஒரு சண்டையில வாங்கின காயம் அடுத்த சண்டைக்கும் கூடவே வரும். ஜெயிச்சவனும் நொண்டிக்கிட்டுத்தான் போவான். விழுந்த உடனே எந்திரிக்காதே, மூச்சு வாங்கிட்டு எந்திரின்னு எனக்கு ஒருத்தி சொல்லிக் கொடுத்தா. அதுக்கப்புறம்தான் இந்த கேம் எனக்குப் புரிஞ்சுது.”

மாப்பிள்ளை வீடியோவை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். வேட்டைக்காரன் கால்தடத்தைக் கண்ட பார்வை.

“ஒருத்தி” என்றார்.

“நாட்டுல எவ்வளவோ ஒருத்தி இருப்பாங்க மாப்ளே.”

“மூச்சு வாங்கிட்டு எந்திரி. இது யார் பேச்சு? ஆஸ்பத்திரில தினம் யார் சொல்ற பேச்சு?”

அது என் தங்கையின் பேச்சுதான்.

அவளிடமே காட்டிவிட்டார். அவள் அதை அதுவரை பார்த்ததில்லை. முழுக்கப் பார்த்தாள். முகத்தில் ஏதாவது ஓடுகிறதா என்று இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாராம். கடைசியில் அவள் சொன்னது: “அவன்தான். மழைக் கட்டத்துல இன்னும் தப்பாத்தான் ஆடறான்.”

இதற்குச் சந்தோஷப்படுவதா, வயிறு எரிவதா என்று அவருக்குப் புரியவில்லை. பழக்கம் காரணமாக இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார். அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு மறுப்பு எழுதி, ஒட்டடைக்குச்சியின் முகத்தில் கரியைப் பூசுவது என்று தீர்மானித்தார். மறுப்பு எழுத விஷயம் வேண்டும். விஷயம் தெரிய ஆட வேண்டும். ‘உள்ளே தூசி, ஃபேன் சுத்தம் பண்ணணும்’ என்று சொல்லி கேம் பெட்டியைக் கடைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பின்பக்கத்தில், ஃபிரிட்ஜுக்கு நிரப்பும் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பழைய டிவி. சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதன்முன்தான். முதலில் திட்டிக்கொண்டே ஆடினார். கரிநிழலுக்குக் கோபம் ஏற ஏற அடி பலமாகும், ஆனால் திரை இருண்டுகொண்டே வரும். கடைசியில் எதிரில் நிற்பவன் யார் என்றே தெரியாமல் காற்றைக் குத்துவான். “இவனுக்குக் கண்ணு தெரியலயா?” என்று கத்துவார். நான் மிக்சி பிளேடைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ‘மாப்ளே, உங்களுக்கும் அப்படித்தானே’ என்று நாக்கு நுனி வரை வரும். குடும்பத்து அமைதியை நினைத்து விழுங்கிவிடுவேன்.

போகப்போகத் திட்டு குறைந்தது. ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

“இத பாருங்க மச்சான். கடைசிச் சண்டை ஜெயிச்சிட்டேன். கொடி கிடையாது, பட்டாசு கிடையாது. படியில உக்காந்து ஒரு பூட்ஸ கழட்டறான். அவ்ளோதான். முடிஞ்சிடுச்சு.” திரையில் அந்தப் படியை விரலால் தொட்டுக் காட்டினார். “இத அந்த ஒட்டடைக்குச்சி வீடியோல சொல்லவே இல்ல. இதுதான் முக்கியமே. இத விட்டுட்டு என்னத்தப் பேசறான்?”

மறுப்பு எழுதினார். கடை ரசீதுக்கு மேல் எதையும் எழுதிப் பழகாத மனிதர், ஒரு முழு மதியத்தைச் செலவழித்தார். திட்டுவதற்காக ஆரம்பித்தது, நடுவில் எப்படியோ திசை மாறிவிட்டது. போர்வை சுவரில் ஒட்டுவது பிழை இல்லை, ஈரப்போர்வை அப்படித்தான் ஒட்டும் என்றார். மழைக் கட்டத்தில் பின்வாங்கிக்கொண்டே தடுத்தால் பொத்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்றார். பூட்ஸைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. மொத்தத்தில் ஒட்டடைக்குச்சி புகழ்ந்தது போதாது என்பதே அவருடைய குற்றச்சாட்டு.

பதில் வந்தது. ‘அருமையா சொல்லியிருக்கீங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?’

‘என் மனைவியிடம்’ என்று எழுதி, அம்பு எய்தவர்போல் நாற்காலியில் சாய்ந்தார். அங்கிருந்து அடுத்த கேள்வி வந்தது: ‘பிசியோ படிச்சவங்களா?’

இப்படித்தான் ஒட்டடைக்குச்சி அவர்கள் வீட்டுக்கு வரும்படி ஆயிற்று. வேலை விஷயமாக இந்தப் பக்கம் வருகிறானாம், பார்க்கலாமா என்று கேட்டான். “வரச் சொல்லுங்க” என்றாள் தங்கை. “வரட்டுமே” என்றார் மாப்பிள்ளை, ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதிக்கிற குரலில். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். கேம் பெட்டியும் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பியது.

விடுமுறை நாள் மதியம் வந்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தாலும் அதே உயரம், அதே ஒல்லி. மாப்பிள்ளை தன் தொப்பையை உள்ளிழுத்துக்கொண்டு கைகுலுக்கியதை நான் பார்த்தேன்.

பேச்சு அதிகம் இல்லை. அவனும் தங்கையும் தரையில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை தேநீர் போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

“நீ இன்னும் அவசரப்படறடா.”

“நீ பேசாம ஆடு.”

மாப்பிள்ளையின் கையில் கரண்டி நின்றது. “என்னை நீங்கன்னு கூப்பிடறா” என்றார் அடுப்பைப் பார்த்தபடி. “அவனை ‘நீ’ன்னு கூப்பிடறா. ‘டா’ வேற.”

“மரியாதைதானே மாப்ளே.”

“எனக்கு எதுக்கு மச்சான் மரியாதை?”

தேநீர் பொங்கி வழிந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே கூடத்தில் சத்தம் அடங்கியது. போய்ப் பார்த்தால், ஒட்டடைக்குச்சி தோற்றிருந்தான். மறுபடி ஆடினான், மறுபடி தோற்றான். கன்ட்ரோலரைக் கொஞ்சம் வேகமாகவே கீழே போட்டான். “பட்டன் தேஞ்சு போச்சு. பழைய கேம், வேற என்ன, குப்பைதானே.”

“பட்டன்ல ஒரு குறையும் இல்லீங்க” என்றார் மாப்பிள்ளை. கையிலிருந்த தேநீர்க் கோப்பைகளைக்கூடக் கீழே வைக்கவில்லை. “நேத்துதான் பிரிச்சு சுத்தம் பண்ணேன். கேமையும் குப்பைங்காதீங்க. நீங்களே அப்படிச் சொல்லலாமா?”

வந்தவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பிறகு மாப்பிள்ளையோடும் ஆடினான், கஷ்டப்பட்டு ஜெயித்தான். ஜெயித்ததும் முகம் தெளிந்து, எல்லாரிடமும் நல்லவிதமாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

அவன் போன பிறகு மாப்பிள்ளை கேட்டார்: “அப்பல்லாம் அவன்தான் ஜெயிப்பானா?”

“அவன் எங்க ஜெயிச்சான்? நான் விட்டுக் கொடுப்பேன்” என்றாள் தங்கை, கோப்பைகளை அடுக்கிக்கொண்டே. “தோத்தா நாள் கணக்கா பேச மாட்டான். வீட்டுல பேச்சு வந்தப்ப நான்தான் வேண்டாம்னேன். ஒரு ஆளுக்கு ஆயுசு பூரா விட்டுக் கொடுத்துக்கிட்டே இருக்க முடியுமா?”

வேறொரு கணவனாக இருந்தால் அந்தக் கடைசி வாக்கியத்துக்காகக் கோயிலுக்குப் போயிருப்பான். நம் ஆள் காதில் முதல் வாக்கியம்தான் விழுந்தது. மறுநாள் கடை திறந்ததும் என்னிடம் வந்து நின்றார்.

“அவனுக்கு விட்டுக் கொடுத்திருக்கா மச்சான். எனக்கு எதுலயும் ஒரு தடவகூட விட்டுக் கொடுத்ததில்ல.”

“உங்களுக்கு விட்டுக் கொடுக்கணுமா இப்ப?”

யோசித்தார். “வேணாம். விட்டுக் கொடுத்தா எனக்குத் தெரிஞ்சிடும். கொன்னே போட்டுடுவேன்.”

அதன்பின் வாரக் கடைசிகளில் புருஷனும் பெண்டாட்டியும் ஆடினார்கள். அவள் இரக்கம் பார்ப்பதில்லை. இவர் தோற்பார், கொஞ்சம் புலம்புவார், எழுந்து போய் உலையை வைப்பார். மழைக்காலம் முழுக்க அப்படியே போனது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, கடையின் ஷட்டரை நான் தூக்குவதற்குள் வந்து நின்றார். முகம் புதுப் பல்பு மாதிரி இருந்தது.

“நேத்து ஜெயிச்சிட்டேன்.”

“சபாஷ். அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. கன்ட்ரோலரை வச்சிட்டு எழுந்து போயிட்டா. சாயங்காலம் முழுக்கப் பேசல. காலைல காபிய டங்குனு வச்சா.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “நெஜமாவே கடுப்புல இருக்கா மச்சான். விட்டுக் கொடுத்திருந்தா இப்படிக் கடுப்பாவாளா?”

ஆக மாட்டாள் என்றேன். அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு விசிலடித்துக்கொண்டே பின்பக்கம் போய், பல நாளாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய ஃபிரிட்ஜைத் தனி ஆளாகப் புரட்டி நிமிர்த்தினார்.