டாக்டரம்மா வீட்டு வண்டிப்பாதைக்கு ஓரம் கட்டியது

டாக்டரம்மாவின் அம்பாசடர் பின்சக்கரம் பூப்பாத்திக்குள் இறங்கிவிட்டது. அடி அண்ணாமலை கிராமத்தில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க டாக்டரை அழைக்க வந்த புருஷன், கேட்டருகே சைக்கிளைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எழுபதுகளின் கடைசி அது. நான் கொத்து மேஸ்திரி. கூட்டாளி அன்வர் பாய் கல் உடைப்பதில் கெட்டிக்காரர். செங்கம் ரோட்டில் இருந்த அந்த வீட்டில், கேட்டிலிருந்து கார் ஷெட் வரைக்கும் மணல் பரப்பி, சதுரக் கருங்கற்களை நெருக்கிப் பதித்திருந்தோம். ஓரம் மட்டும் பாக்கி. டாக்டரம்மாவோடு அதில் வாக்குவாதம் முடியவில்லை.

"பாதையை ஒட்டிப் பூச்செடி வரணும் மேஸ்திரி. சிமெண்டு கண்ணுல படவே கூடாது."

"ஓரம் கட்டலைன்னா சக்கரம் ஏற ஏற கல்லு வெளியே நகர்ந்துடும்மா. அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் காரை எடுக்காதீங்க."

அவரும் ஜட்கா வண்டியில்தான் போய்வந்துகொண்டிருந்தார். அன்று ஜட்கா தேட நேரமில்லை; காரைக் கிளப்பிவிட்டார். வளைவில் ஓர வரிசை மேல் சக்கரம் ஏறியது. தாங்கிப்பிடிக்க ஒன்றுமில்லாததால் கற்கள் பாத்திக்குள் சரிந்தன, சக்கரமும் கூடவே போனது.

தள்ளிப் பார்த்தோம். புகைதான் வந்தது.

"நேரமாகுதுங்க" என்றான் சைக்கிள்காரன், அழாத குறையாக.

டாக்டரம்மா இறங்கினார். பையைத் தோளில் மாட்டி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

"ம், மிதி. வழியில என்னைக் கீழே தள்ளிடாத."

அவர்கள் போனதும் அன்வர் பாய் கேட்டார்: "நாம இப்ப இன்னா பண்றது?"

"அவங்க வர்றதுக்குள்ள ஓரத்தை முடிச்சிடலாம் பாய்."

ஜாக்கி வைத்து, பலகை கொடுத்து, காரை ஷெட்டுக்கே தள்ளினோம். சரிந்த கற்களைத் திரும்பப் பதித்து, நூல் பிடித்து ஓரமாகப் பள்ளம் எடுத்தோம். அடியில் ஜல்லி காங்கிரீட் போட்டு, நீளக் கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தினோம். வெளிப்பக்கமும் காங்கிரீட்டைச் சரிவாக அணைத்தோம். ஆனால் மண்மட்டத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொண்டோம். மேலே மண் மூடியதும் கல் விளிம்பு மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் யாரோ ஒருவர் டிராக்டரில் டாக்டரம்மாவைக் கொண்டுவந்து இறக்கினார். தலையெல்லாம் புழுதி. முகம் நிறையச் சிரிப்பு.

"பொம்பளப் புள்ள. தாயும் நல்லா இருக்கா." பிறகு ஓரத்தைக் குனிந்து பார்த்தார். "சிமெண்டு போட்டீங்களா இல்லையா?"

"போட்டாச்சும்மா."

"எங்க?"

"மண்ணுக்கு அடியில" என்றார் அன்வர் பாய். "மேல செடி வெச்சிக்கலாம்."

உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க, டாக்டரம்மா கல் மேல் காலை வைக்கப் போனார்.

"ஈரம்! மிதிக்காதீங்க!" இருவரும் ஒன்றாகக் கத்தினோம்.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் எங்கள் களைப்பு போய்விட்டது.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் ஓரத்தைக் கட்டி, காயவிட்ட பிறகுதான் நடுவில் கல் பதித்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். வண்டியை எடுக்காதீர்கள் என்றால் வீட்டுக்காரர் கேட்டுக்கொள்வார். அவசரம் கேட்காது.