விதைநெல்லில் குளவி

அந்த வருடம் எங்கள் பாரூர் வீட்டில் விதைநெல்லைச் சேர்த்துவைக்கும் குதிரின் பொறுப்பு சித்தியிடம் வந்தது. சித்தி பாகலூர்க்காரி. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சித்தப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் விடியலில் போய்விடுவார்.

"உங்கூருல ராகிதான். அதுக்குப் பூச்சியும் வராது, ஒண்ணும் வராது. நெல்லு அப்படியில்ல" என்று சொல்லித்தான் அம்மா பொறுப்பைக் கொடுத்தாள்.

"உங்களவிட நல்லா வெச்சிக்கிறேன், பாருங்கக்கா" என்று சித்தி சிரித்தாள்.

பூச்சி அண்டாமலிருக்கக் குதிருக்குள் போடும் நொச்சித்தழையை வாரம் ஒருமுறை மாற்றுவாள். வீட்டுக்கு விலக்கான நாட்களில் பெண்கள் குதிர் இருக்கும் அறைக்குள் போகக் கூடாது. விதை முளைக்காது என்பார்கள். அந்த நாட்களில் கொல்லைப்புறத்தில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டு, "தழையப் போட்டுட்டு வா கண்ணு" என்பாள்.

அப்படிப் போன ஒருநாள், ஒரு நெல்மணியின் ஓட்டையிலிருந்து எறும்பைவிடச் சிறிய குளவி ஒன்று வெளியே வருவதைக் கண்டேன். மேலே இன்னும் பல ஊர்ந்துகொண்டிருந்தன. நெல்லைத் தின்பவை இவைதான் என்று தீர்மானித்தேன். தொட்டால் தோலை உரிப்பேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்த பூச்சிமருந்துப் பொடியைத் திருடி, மேலாகத் தூவினேன். மறுநாள் எல்லாம் செத்துக் கிடந்தன. பெருமையாக இருந்தது.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் தெரிந்தது. அந்துப்பூச்சி நெல்லின்மேல் முட்டையிடும். புழு உள்ளே துளைத்துப் போய், அரிசியைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, அந்தாகப் பறந்து வரும். அந்தப் புழுவின்மேல் முட்டையிட்டு அதை அழிப்பது அந்தச் சிறு குளவி. என் பொடி உள்ளே இருந்த புழுக்களை எட்டவில்லை. அவற்றைக் கட்டுப்படுத்தி வந்ததைத்தான் நான் கொன்றிருக்கிறேன்.

விதைப்புக்குக் குதிரைத் திறந்தபோது சாம்பல் நிறத்தில் அந்துகள் புகைபோலக் கிளம்பின. கையில் அள்ளிய நெல் எடையே இல்லாமல் இருந்தது.

அம்மா சித்தியைப் பார்த்தாள். "நீ ஒதுங்கியிருந்தப்பவும் தழை புதுசாக் கெடந்துச்சே. யாரு போட்டது? உள்ள போயிட்ட, இல்ல?"

"ஐயோ, இல்லக்கா! இவந்தான் போட்டான். கேளுங்க. சொல்லு கண்ணு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். தழை போட்டதைச் சொன்னால் பொடியும் வெளியே வந்துவிடும் என்று தோன்றியது.

"நான் போவல" என்றேன்.

அம்மா சித்தியிடம், "சின்னப் பையன்மேல பழி போடறியே" என்றாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அவளை விதையைத் தொட விடவில்லை. போன தை மாதம் சித்தி இறந்துபோனாள். அவளிடம் நான் சொல்லவே இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

குதிரில் அந்து கிளம்பிய அந்த வருடம் விதைநெல்லைக் கடன் வாங்கித்தான் விதைத்தார்கள். வீட்டுப் பெண்கள் எல்லாரும் விதைக் கூடைகளோடு வயலுக்குப் போக, சித்தி மட்டும் வாசலிலேயே நின்றாள். அவளுக்கு மட்டும் லீவு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, விளையாட ஆள் கிடைத்த சந்தோஷத்தில், ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.