தோன்கா அண்ணி வாங்கிய வாத்துக் கப்பல்

டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள ரூசே நகரத்தில் டிராலிபஸ் ஓட்டுகிறவள் என் நாத்தனார் தோன்கா. குடும்பத்தையும் அப்படியேதான் ஓட்டுவாள். அவள் நிறுத்துகிற இடம்தான் நிறுத்தம். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். இப்போதும் வரும், ஆனால் அவள் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது.

என் மகள் எலிட்சா முதல் அடி வைத்துவிட்டாள். எங்கள் ஊர் வழக்கப்படி உறவைக் கூட்டி ஒரு வட்ட ரொட்டியைத் தரையில் உருட்ட வேண்டும். தாழ்ந்த மேசையில் கத்தரிக்கோல், சீப்பு, ஸ்டெதாஸ்கோப், புத்தகம் என்று பரப்பி வைப்போம். உருளும் ரொட்டியின் பின்னால் குழந்தை நடந்துபோய் எதை எடுக்கிறதோ, அதுதான் அதன் பிழைப்பு. புத்தகம் வாங்கும் பொறுப்பைத் தோன்கா யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். எந்தப் புத்தகம் என்பதிலும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. 'வாத்துக் கப்பல்'. மாவு மில்காரர் மகள் தன் வாத்துகளோடு டான்யூபில் கடல்வரை போகிற கதை. இங்கே அதைப் படிக்காமல் வளர்ந்தவர்கள் கிடையாது.

கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் கிரில் தங்கநிற அட்டை போட்ட பதிப்பை முதலில் நீட்டினார்.

"இதுதாம்மா நல்லாப் போகுது. குழந்தை பாஞ்சு எடுக்கும்."

தோன்கா அட்டையைப் பார்க்கவே இல்லை. நேரே கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். "இதுல கடலே இல்லையே. அடுத்தது எடுங்க."

அடுத்தது கம்ப்யூட்டரில் வரைந்தது. "வாத்தா இது? ஓட்டு கேட்டு வந்தவன் மாதிரி சிரிக்குது."

மூன்றாவது, படமே இல்லாத நீலத் துணி அட்டை. உள்ளே நீர்வண்ண ஓவியங்கள். கடைசியில் ஒரு பெரிய படம்: பழுப்பு ஆறு கடலில் கலக்கிறது, சிறுமி முதுகைக் காட்டி நிற்கிறாள், வாத்துகள் பறக்கின்றன. தோன்கா அந்தப் பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எங்க பள்ளிக்கூட லைப்ரரில இருந்த புத்தகத்துல இந்தப் பக்கத்தை எவனோ கிழிச்சுட்டான். கந்தலா ஒரு ஓரம்தான் இருந்துச்சு. அந்தப் படுபாவியை இன்னிவரைக்கும் திட்டிக்கிட்டிருக்கேன். எலிட்சாவுக்கு முழுசா கிடைக்கணும்."

"அண்ணி, இந்த நீல அட்டையை அவ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா. பக்கத்துல ஸ்டெதாஸ்கோப் பளபளன்னு இருக்கும்."

"பார்ப்பா. நான் எடுத்தது என்னிக்காவது தப்பாப் போயிருக்கா?"

"போன வருஷம் எடுத்த திரைச்சீலை?"

"அது உங்க வீட்டு ஜன்னலோட தப்பு."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். புத்தகத்தை மூடித்தான் வைப்பது வழக்கம். தோன்கா கடல் படத்தைத் திறந்து வைத்தாள். மறுத்துப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை. என் கணவர் பென்கோ ரொட்டியை உருட்டினார். எலிட்சா தள்ளாடித் தள்ளாடி நடந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கடல்மேல் பட்டென்று கை வைத்தாள். வீடே கை தட்டியது. தோன்கா தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள்.

அப்போதுதான் எலிட்சா அந்தப் பக்கத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று கிழிந்தது.

தோன்கா மெல்லக் குனிந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குடும்மா, அத்தைகிட்டக் குடு."

எலிட்சா வீறிட்டாள். கசங்கிய கடலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். தோன்கா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"பாவம்," என்றாள். "அந்தப் படுபாவிக்கும் ரொம்பப் பிடிச்சிருந்திருக்கும்போல."

அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் வந்த பிரியத்தை என் புருஷன்மேல்கூட நான் உணர்ந்ததில்லை.

முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தவள், பழைய குரலில் உத்தரவு போட்டாள். "பென்கோ, நாளைக்குக் கிரில் கடைக்குப் போய் அவளுக்கு இதையே இன்னொண்ணு வாங்கிட்டு வா. இது எனக்கு இருக்கட்டும். கடல் இல்லாத புத்தகம் எனக்குப் பழக்கம்தான்."