ரேட் ஏறட்டும்

மலேசியாவின் கோல சிலாங்கூரில், நாட்டுக்கு நாடு பணம் மாற்றித் தரும் மணி சேஞ்சர் கடைக் கவுண்டரில் நான் உட்கார்ந்த முதல் நாள், முதலாளி கொடுத்த பயிற்சி இவ்வளவுதான்: "ரேட் என்னன்னு கேட்டா சொல்லும்மா. ஏறுமா, இறங்குமான்னு கேட்டா சும்மா சிரி."

ஓய்வு பெறும்வரை சிரித்தேன். அதிகம் சிரிக்க வேண்டியிருந்தது முருகேசனிடம்தான்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் வரிசையிலேயே ஒரு முடிவெட்டும் கடையில் வேலை. ஊரில் வீடு கட்டப் பணம் சேர்த்தார். செலவுக்கு மட்டும் மாதாமாதம் அனுப்பிவிடுவார். மிச்சம் இங்கேயே இருக்கும். வெள்ளி, அதாவது எங்கள் ரிங்கிட், விழப்போகிறது என்று யாராவது சொன்னால் சிங்கப்பூர் டாலர் வாங்குவார். அதில் பாதியை விற்று அமெரிக்க டாலர் வாங்குவார். பிறகு பயந்துபோய் மறுபடி வெள்ளிக்கே வருவார். ஒவ்வொரு மாற்றலிலும் கடைக்கு ஒரு பங்கு விழும். முதலாளி அவருக்கு மட்டும் டீ வரவழைப்பார்.

ஊரில் வீடு அஸ்திவாரத்தோடு நின்றது. அவர் மனைவி வள்ளி போனில் கேட்கும்போதெல்லாம், ரேட் ஏறட்டும் என்பார். ஏறினால், இன்னும் ஏறும் என்பார். முதலாளி இல்லாத ஒரு நாள், "இருக்கிறத அனுப்பிருங்க லா தம்பி," என்றேன்.

"அவசரப்பட்டா நட்டம்க்கா."

ஊரிலோ சிமெண்ட் விலையும் கம்பி விலையும் கொத்தனார் கூலியும் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

ஒரு மதியம் அவர் கவுண்டரில் நிற்கும்போதே வள்ளி வீடியோ காலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளையடித்த வீடு. தையலில் சேர்த்தது, நகை அடகு, மகளிர் குழுக் கடன் என்று புரட்டி, இவரிடம் மூச்சுவிடாமல் கட்டி முடித்திருந்தாள். அடுத்த மாதம் பால் காய்ச்சுகிறார்களாம்.

"ஏது காசு?" என்றார் முருகேசன்.

"எல்லாம் இங்க உள்ள ரூபாதான். மாத்த வேண்டியதில்ல பாருங்க. உங்க டாலர்ல டிக்கெட் எடுத்து வாங்க."

அன்று ரேட் அவர் எதிர்பார்த்ததற்கு மேலேயே இருந்தது. அவர் ரேட் போர்டைப் பார்க்கவில்லை. அறைக்குப் போய் மூன்று நாட்டுப் பணத்தையும் எடுத்து வந்தார். நகையை மீட்க அத்தனையையும் அனுப்பச் சொன்னார். பெருமையா அவமானமா என்று அவர் முகத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

"நல்லா கட்டிருக்காக்கா," என்றார்.

இப்போது கவுண்டரில் உட்காரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ரேட் கேட்பவருக்கு ரேட்டைச் சொல்லுங்கள். கூடவே, பணம் எதற்கு, எப்போது வேண்டும் என்றும் கேளுங்கள். முதலாளிக்குப் பிடிக்காது. பரவாயில்லை, கேளுங்கள்.