அக்காவின் கன்னத்தில் அளந்த வெளிச்சம்

மாமல்லபுரத்துக் கரையில் உச்சிவெயில் மணல் கண்ணைத் திறக்கவே விடாது. அந்தக் கூச்சத்தில் முகத்தைச் சுளித்தபடிதான் என் அக்கா கோமளா, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்காக நின்றாள். எடுத்தவர், கோயில் பார்க்க வருகிறவர்களைப் படம்பிடித்துப் பிழைத்த எங்கள் சித்தப்பா. அவருடைய பிலிம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒரு "முள்ளு" உண்டு. அது நடுவில் நின்றுவிட்டால் வேறெதையும் யோசிக்காமல் பொத்தானை அழுத்திவிடுவார்.

கழுவி வந்த படத்தில் வெள்ளை மணல் சாம்பலாகவும் அக்காவின் முகம் கரியாகவும் இருந்தன. கண், மூக்கு எதுவும் தெரியவில்லை. "பொண்ணு ரொம்பக் கறுப்பா கீதே" என்று மாப்பிள்ளை வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா பவுடர் டப்பாவைத் தேடினாள். அக்கா அழவில்லை. அவள் நிறமே கொண்ட எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது, ஏனென்றால் எங்கள் குப்பத்திலேயே அவள்தான் அழகி என்று நம்பியிருந்தேன், இன்றும் நம்புகிறேன்.

மறுநாள் அவளே கேமராவை வாங்கி அதன் வழியே முதலில் மணலைப் பார்த்தாள், பிறகு கிட்டே வந்து என் கன்னத்தைப் பார்த்தாள். முள் இடம் மாறியது. "இது மணலத்தான் பாக்குது சித்தப்பா, என்னப் பாக்கவேயில்ல" என்றாள். சித்தப்பா அவள் கன்னத்தருகே கேமராவைக் கொண்டுபோய், லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, குஷியாகிவிட்டார். "இதுக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது, எல்லாத்தையும் நடுவாந்தரமாக்கிடும். இப்டியே எடுத்தா நீ வெளுப்பா வந்துடுவே!" அம்மாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"வேணாம். நான் எப்டி கீறேனோ அப்டியே எடு. வர்றவன் என்னப் பாத்துட்டு வரட்டும்."

அம்மா தலையில் அடித்துக்கொள்ள, சித்தப்பா வெளிச்சம் குறையும்படி வளையத்தை ஒரு கட்டம் இறக்கி, பின்னால் நகர்ந்து எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் திருவிடந்தையிலிருந்து, அவளைக் கட்டிக்கொண்ட மாமா வந்தார்.

போன மாதம் அக்கா போய்விட்டாள். சித்தப்பா முன்பே போய்விட்டார். அந்த முள்ளும் இல்லை, வளையமும் இல்லை, அவள் நின்ற மணலை ஒரு ரிசார்ட்டின் சுவர் மறைத்துவிட்டது. அஞ்சலி பேனருக்காக அதே படத்தைத் திருக்கழுக்குன்றத்துக் கடையில் கொடுத்தோம். கடைப் பையன் யாரையும் கேட்காமல் ஒரு தட்டுத் தட்டினான், கணினித் திரையில் அக்கா வெளுத்துப்போனாள். "சித்தி, இது எங்கம்மா இல்ல" என்று அவள் மகள் விசும்பினாள்.

"ஒரு கட்டம் இறக்குப்பா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. நான் குனிந்து, திரையின் ஓரத்தில் என் கன்னத்தை வைத்துக்கொண்டேன்.

"இந்த நெறம் வர்ற வரைக்கும் இறக்கு."